சந்தா கட்டாத பார்வை

2022 ஜூன் மாதக் கடைசி. இலங்கை முழுக்கப் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலம். மாத்தளை மாவட்டத்து ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் அன்றைக்கும் கரண்ட் போயிருந்தது. இஸ்தோப்பில் பாயை விரித்து, போனைச் செம்பில் சாய்த்து வைத்து, அப்பாவும் நானும் ‘சுழல்’ பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாதம் 17ஆம் திகதி அமேசான் பிரைமில் வந்த தொடர் அது. புஷ்கர் - காயத்ரி உருவாக்கி எழுதியது. பிரம்மாவும் அனுசரண் முருகையனும் இயக்கியது. எட்டு அத்தியாயங்கள். சாம்பலூர் என்று ஒரு கற்பனை மலையூர். அங்கே ஒரு சிமெந்து ஆலை, ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம், அந்தச் சங்கத்தின் தலைவர் சண்முகமாகப் பார்த்திபன். மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஆலை தீப்பிடிக்கிறது. அதே இரவில் சண்முகத்தின் இளைய மகள் காணாமல் போகிறாள்.

அப்பா இருபது வருடம் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவராக இருந்தவர். சினிமா பார்க்கும்போது பாதியில் தூங்கிவிடும் மனுஷன், அன்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆலை வாசலில் ஆட்கள் கூடி நிற்பதையும், நிர்வாகம் நகர்த்தும் காய்களையும், மகளைத் தேடும்போதும் ஊருக்கு முன்னால் தலைவராகவே நிற்க வேண்டியிருக்கும் அந்த மனிதனின் நெருக்கடியையும் பார்த்துவிட்டு, “இது நம்ம கதை மாதிரி இருக்கே தம்பி” என்றார். மூன்று இரவுகளில் எட்டு அத்தியாயங்களையும் முடித்தோம். கடைசி அத்தியாயம் முடிந்ததும் திரை சட்டென்று இருண்டுவிட்டது.

“என்னா, பேர் போடலயா?” என்று கேட்டார்.

நான் இறக்கியிருந்த பிரதியில் பெயர்கள் ஓடும் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். கோப்பின் அளவைக் குறைக்க அப்படிச் செய்வார்கள் என்று சொன்னேன். அடுத்த கேள்வி வந்தது.

“இதுக்குச் சந்தா கட்டுனியா?”

“இல்லப்பா. டெலிகிராம்ல வந்துச்சு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப நாம பார்த்தது அவங்களுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டினார்.

திட்டவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் அன்று முதல் என் கூடவே இருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான்.

சந்தா என்றால் எங்களுக்கு என்ன?

மலையகத்துக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சந்தா என்றால் முதலில் நினைவுக்கு வருவது பத்திரிகையோ செயலியோ அல்ல, தொழிற்சங்கம். அப்பா தலைவராக இருந்த காலத்தில் மாதச் சம்பளத்தில் செக்ரோலிலேயே, அதாவது சம்பளப் பட்டியலிலேயே, சங்கச் சந்தாவைப் பிடித்துக்கொள்வார்கள். பிடிப்பது சிறிய தொகைதான். ஆனால் எந்தச் சங்கத்துக்கு எத்தனை பேர் என்பது அந்தச் சந்தாக் கணக்கில்தான் தெரியும். பலம் இல்லாத சங்கத்தைத் தோட்டத் துரை கூப்பிட்டுப் பேசமாட்டார். கூட்டத்தில் எவ்வளவு கை தட்டினாலும், சந்தாப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை மேசையில் நீங்கள் இல்லை.

அப்பா கேட்டது அந்த அர்த்தத்தில். பணம் கொடுத்தாயா என்பதை விட, நாம் பார்த்தோம் என்பது எங்காவது பதிவாகுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

இணையத் திருட்டைப் பற்றிப் பேசும்போது பொதுவாகப் பணக் கணக்குதான் முன்னால் வரும். அதுவும் பெரிய கணக்குதான். எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனமும் இந்திய இணைய, மொபைல் சங்கமும் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் இந்தியாவில் திருட்டுப் பிரதிகளின் பொருளாதாரம் 22,400 கோடி இந்திய ரூபா. அதில் 13,700 கோடி தியேட்டர் படங்களைத் திருடியது. 8,700 கோடி ஓடிடி தளங்களில் இருந்து திருடியது. பார்வையாளர்களில் 51 சதவீதம் பேர் ஏதோ ஒரு வழியில் திருட்டுப் பிரதியைப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு பெரிய தொகையைக் கேட்டால் நம்மில் பலருக்குக் கோபமோ கவலையோ வருவதில்லை. “அமேசானுக்கு இது போனால் என்ன?” என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. அந்த எண்ணம் எங்கே பிழையாகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

டெக்கில் இருந்து டெலிகிராம் வரை

திருட்டுப் பிரதி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. என் சின்ன வயதில் டெக் வாடகைக்கு எடுப்பார்கள். டீவி, டெக், நாலைந்து வீடியோ கசெட், எல்லாம் ஓட்டோவில் வந்து இறங்கும். லயத்து வாசலில் டீவியை வைத்து, விடிய விடியப் படம் ஓடும். பிறகு சீடி வந்தது. மாத்தளை திருகோணமலை வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் நூறு ரூபாவுக்கு ஒரு படம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு கொமியூனிகேஷன் கடைகளில் சிப்புக்குள் ‘ஏற்றித் தரும்’ காலம். “அண்ணே, புதுசு என்னா இருக்கு?” என்று கேட்டு, மெமரி சிப்பை நீட்டினால் போதும். இப்போது கடைக்கும் போக வேண்டாம். டெலிகிராம் குழுவில் சேர்ந்தால், ஒரு தொடர் நள்ளிரவில் வெளியாகி, காலைத் தேநீருக்கு முன்னால் போனில் வந்து விழுகிறது.

அந்தப் பழைய காலங்களுக்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டெக் காலத்தில் நாங்கள் பார்த்தது தியேட்டர் படங்கள். ஒரு படத்துக்குப் பல வாசல்கள் உண்டு: தமிழ்நாட்டுத் தியேட்டர் வசூல், வெளிநாட்டு உரிமை, தொலைக்காட்சி உரிமை, மொழிமாற்று உரிமை. ஒரு வாசலில் கள்ளன் புகுந்தாலும் மற்ற வாசல்களில் ஏதாவது வந்து சேரும். ஓடிடி தளமே பணம் போட்டு எடுக்கும் தொடருக்கு இருப்பது ஒரே வாசல். சுழலுக்குத் தியேட்டர் கிடையாது. ‘வதந்தி’ தொடருக்குத் தீபாவளி வெளியீடு கிடையாது. வெளியான அன்றைக்கே, திரையில் இருப்பதை அச்சு மாறாமல் பிரதி எடுத்துவிடுகிறார்கள். தியேட்டரில் கெமராவை ஒளித்துப் பிடித்த படத்தில் ஆட்டமும் இருமல் சத்தமும் இருக்கும்; நல்ல பிரதிக்காகக் காத்திருப்போரும் இருப்பார்கள். ஓடிடியில் இருந்து உருவிய பிரதிக்கு அந்தக் குறையே இல்லை. அசலும் நகலும் ஒரே தெளிவு.

‘சரி, தளம் ஏற்கெனவே தயாரிப்பாளருக்குப் பணம் கொடுத்துவிட்டதே, அப்புறம் யாருக்கு நட்டம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் பருவத்தில் வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் கிடைத்திருக்கும். அடிபடுவது இரண்டாவது பருவம். அதைவிட அதிகமாக அடிபடுவது, இன்னும் எழுதப்படாத, யாராவது ஒரு புது இயக்குநரின் கையில் கோப்பாக இருக்கும் அடுத்த தொடர்.

அரைப் பேர், முழுப் பேர்

ஒரு தளம் எதை வைத்து அடுத்த தொடரை முடிவு செய்கிறது? 2019இல் நெட்பிளிக்ஸ், பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைக் குழு ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் தன் அளவுகோல்களைச் சொல்லியிருந்தது. இரண்டு நிமிடம் பார்த்தவர் ‘தொடங்கியவர்’. ஒரு படத்திலோ அத்தியாயத்திலோ 70 சதவீதம் பார்த்தவர் ‘பார்த்தவர்’. படத்திலோ முழுப் பருவத்திலோ 90 சதவீதம் பார்த்தவர் ‘முடித்தவர்’. மற்றத் தளங்களும் தத்தம் முறையில் இப்படி ஏதோ ஒரு கணக்கை வைத்திருக்கின்றன.

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு நிமிடம் போதும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள். நாள் முழுக்க நின்று சரியான நிறை காட்டினால் முழுப் பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். தளத்தின் செக்ரோலிலும் அப்படித்தான். தொடங்கியவருக்கு அரைப் பேர். முடித்தவருக்கு முழுப் பேர். டெலிகிராமில் எட்டு அத்தியாயத்தையும் கண்கொட்டாமல் பார்த்து முடித்த அப்பாவுக்கும் எனக்கும் அரைப் பேர்கூட விழவில்லை. தளத்தைப் பொறுத்தவரை மாத்தளை மாவட்டத்தில் அந்த மூன்று இரவுகளிலும் எங்கள் வீட்டில் யாரும் எதையும் பார்க்கவில்லை.

இந்திப் பெருந்தொடருக்கு இந்த ஓட்டை பெரிதாகத் தெரியாது. கோடிக்கணக்கில் ஆட்கள் எண்ணப்படும்போது சில இலட்சம் விட்டுப்போனாலும் கணக்கு நிமிர்ந்து நிற்கும். தமிழ்த் தொடருக்கு அப்படியல்ல. பார்க்கும் கூட்டமே அளவானது. அதில் பாதி கணக்கில் வராமல் போனால், ‘தமிழில் குற்றத் தொடருக்குச் சந்தை இல்லை’ என்று மேசையில் ஒரு தாள் தயாராகிவிடும். நாம் ரசித்த தொடருக்கு எதிரான சாட்சியாக நம்முடைய மௌனமே போய் நிற்கிறது.

தமிழில் இந்த வகை எப்படி வளர்ந்தது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 2019இல் ஜீ5இல் ‘ஆட்டோ சங்கர்’. 2021இல் ஹாட்ஸ்டாரில் தமன்னா நடித்த ‘நவம்பர் ஸ்டோரி’. 2022 பிப்ரவரியில் விமல் நடித்து, பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கிய ‘விலங்கு’. பெரிய நட்சத்திரப் பட்டியல் இல்லாமல், ஒரு காவல் நிலையத்துக்குள்ளேயே நம்மைக் கட்டிப்போட்டது. அதே வருடம் ‘சுழல்’. டிசம்பரில் எஸ்.ஜே. சூர்யா நடித்த ‘வதந்தி’. கன்னியாகுமரிப் பக்கத்து ஒரு பெண்ணின் மரணத்தை ஆளாளுக்கு எப்படிக் கதையாக்குகிறார்கள் என்பதை இயக்குநர் ஆண்ட்ரூ லூயிஸ் எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றும் ஒரு ஊரின் மண்ணோடு வந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் பாட்டும் சண்டையும் வைக்க வேண்டிய சினிமாவில், மயானக் கொள்ளையின் ஒவ்வொரு நாளையும் கதைக்குள் கொண்டுவர இடம் இருந்திருக்காது. தமிழ்க் கதை சொல்பவர்களுக்கு இப்படி விசாலமான இடம் கிடைத்ததே சமீபத்தில்தான். அந்த இடம் சுருங்கக்கூடாது என்பதுதான் என் பதற்றம்.

முடிச்சு அவிழ்ந்த கதை

எல்லாத் தொடர்களுக்கும் திருட்டு கேடுதான். குற்றத் தொடருக்கு இன்னொரு கேடும் சேர்ந்து வருகிறது. அந்தக் கதையின் உயிர் ஒரு முடிச்சில் இருக்கிறது. யார் செய்தது, ஏன் செய்தது. அத்தனை அத்தியாயமும் ஒரே நாளில் திருடப்படும்போது, கடைசி அத்தியாயத்தின் இரண்டு நிமிடத் துண்டு அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கிறது. பணம் கட்டிப் பொறுமையாகப் பார்ப்பவருக்கும் அது வந்து சேரும்.

என் அக்கா மகள் ‘வதந்தி’யை மூன்றாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டாள். “மாமா, யாருன்னு கிளாஸ்லயே சொல்லிட்டாங்க. இனி எதுக்கு?” என்றாள். அந்தத் தொடரின் அழகு கொலைகாரன் யார் என்பதில் மட்டும் இல்லை. செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி ஊர் கட்டிவிடும் கதைகளில் இருக்கிறது. ஒரு பதினாறு வயதுப் பிள்ளை அவசியம் பார்க்க வேண்டிய பகுதி அதுதான். ஆனால் முடிச்சு அவிழ்ந்த பிறகு அவளை அங்கே இழுத்துப் பிடிக்கும் கயிறு இல்லை. எழுத்தாளர்கள் மாதக்கணக்கில் முறுக்கிய கயிறு அது.

இதையும் தளத்தின் கணக்கில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது அத்தியாயத்தில் நிறுத்தியவர்கள் கூடினால், ‘இந்தத் தொடர் பாதியில் தொய்கிறது’ என்றுதான் எண்கள் சொல்லும்.

எங்கள் பக்க நியாயம்

இவ்வளவும் சொல்லிவிட்டு எங்கள் ஆட்கள்மேல் மட்டும் பழி போட்டால் அது பொய்யாகிவிடும்.

2022 ஜூனில் ஒரு டொலர் ஏறத்தாழ 360 ரூபா. 2016இல் உலகம் முழுக்க விரிந்தபோது பிரைம் வீடியோ அறிவித்த விலை மாதம் 5.99 டொலர். பெருக்கிப் பாருங்கள்: 2,150 ரூபாவுக்கு மேல். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,000 ரூபா. அதையே 2021இல்தான் வாங்கினோம். ஒரு மாதம் தொடர் பார்க்க இரண்டு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் இந்தியாவில் பிரைமின் வருடச் சந்தா 1,499 இந்திய ரூபா. மாதத்துக்குப் பிரித்தால் 125. நம் பணத்தில் அன்று 600 ரூபாவுக்கும் குறைவு. பாக்கு நீரிணையைத் தாண்டியதும் அதே தமிழ்த் தொடரின் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

2024 செப்டெம்பரில் நாள் சம்பளம் 1,350 ஆனது. டொலரும் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. இருந்தாலும் அது அப்போதும் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டிய விலைதான். அதுவும் ஒரு தளத்துக்கு மட்டும். சுழலுக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று, நவம்பர் ஸ்டோரிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்ட யாரால் முடியும்?

அடுத்தது அட்டை. வெளிநாட்டுக் கட்டணத்துக்கு ஏற்ற வங்கி அட்டை எங்கள் லயத்து வரிசையில் எத்தனை வீட்டில் இருக்கிறது? இருந்தவர்களுக்கும் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வெளிநாட்டுக் கட்டணம் மறுக்கப்பட்டது. ஒரு தளத்துக்கு நானே பணம் கட்டப் போனபோது ‘உங்கள் நாட்டில் இது கிடைக்காது’ என்று திரையில் எழுதி வந்தது. காசைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றவனைத் திருப்பி அனுப்பினால், அவன் பின்கதவைத்தான் பார்ப்பான்.

நான் மேலே சொன்ன அதே 2024 அறிக்கையில், திருட்டுப் பிரதி பார்ப்பவர்களில் 64 சதவீதம் பேர், விளம்பரம் வந்தாலும் பரவாயில்லை, இலவசமாகக் கிடைத்தால் முறையான வழிக்கு மாறுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது இந்தியாவில் கேட்ட கேள்வி. இங்கே கேட்டாலும் பதில் பெரிதாக மாறாது என்பதே என் எண்ணம். எங்கள் ஆட்கள் திருட வேண்டும் என்று திருடுபவர்கள் அல்ல. ரீலோட் கடையில் காசைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு, ரூபா விலையில், போன் கணக்கிலேயே தொடர் பார்க்க வழி செய்யுங்கள். பிறகு பாருங்கள், மாத்தளையில் எத்தனை பேர் என்று.

இலவசம் என்று நாம் நினைக்கும் பின்கதவும் இலவசம் இல்லை. அந்தத் தளங்கள் நம் கண்ணை விற்றுத்தான் வாழ்கின்றன. ஒரு அத்தியாயத்தைத் திறக்க மூன்று சூதாட்ட விளம்பரங்களைத் தாண்ட வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி, ‘எல்லாத் தொடரும் ஒரே இடத்தில்’ என்று சொன்ன ஒரு செயலியை இறக்கினான். இரண்டு நாளில் போன் முழுக்க விளம்பரம். கடைசியில் எல்லாவற்றையும் அழித்து முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. தங்கச்சியின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் போய்விட்டன என்று வந்து நின்றான்.

தடுத்த கதவும் திறக்கும் கதவும்

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 நவம்பரில் ‘2.0’ படம் வெளியானபோது சென்னை உயர் நீதிமன்றம் 12,000க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளை முடக்கச் சொன்னது. அவற்றில் 2,000க்கு மேற்பட்டவை ‘தமிழ் ராக்கர்ஸ்’ என்ற திருட்டுத் தளத்தோடு தொடர்புடையவை. 2023இல் இந்தியா தன் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, படத்தைத் திருடிப் பதிவு செய்தால் மூன்று மாதத்தில் இருந்து மூன்று வருடம் வரை சிறை, குறைந்தது மூன்று இலட்சம் ரூபா அபராதம் என்று வைத்தது. அதே வருடம் டெல்லி உயர் நீதிமன்றம், இன்னும் வெளிவராத படைப்புகளுக்கும் சேர்த்தே முன்கூட்டித் தடை கொடுக்கும் ஒரு முறையைத் தொடங்கியது. ஒரு முகவரியை மூடினால் அடுத்த மணிக்கே ஓர் எழுத்து மாற்றி இன்னொன்று முளைக்கும் என்பதால் வந்த ஏற்பாடு அது. சென்னையில் மூடச் சொன்ன கதவு மாத்தளையில் திறந்தே கிடக்கும் என்பது வேறு விஷயம்; அந்த நீதிமன்றத்தின் கை நம் நாட்டு இணைய நிறுவனங்கள்வரை நீளாது.

இந்தத் திருட்டே ஒரு தமிழ்க் குற்றத் தொடரின் கதையாகவும் வந்தது. 2022 ஆகஸ்டில் சோனி லிவ்வில் வந்த ‘தமிழ் ராக்கர்ஸ்’. அறிவழகன் இயக்கம், அருண் விஜய் விசாரணை அதிகாரி, தயாரிப்பு ஏவிஎம். அதைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. துரத்துபவர்கள் எத்தனை பேரைப் பிடித்தாலும், கேட்பவர்கள் இருக்கும்வரை கொடுப்பவர்கள் இருப்பார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். இதைத் தேடிப் படித்தபோது அந்த இலக்கம் என்னை நிறுத்திவிட்டது. அதற்கு முந்தின இலக்கம் என்ன தெரியுமா? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம்.

1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. என் தாத்தா தன் ஆயுள் முழுக்க இந்த மண்ணில் வேலை செய்துவிட்டு, எந்த நாட்டின் கணக்கிலும் இல்லாமல் செத்துப்போனார். ஐம்பத்தைந்து வருடம் கழித்து ஒரு சட்டம் எஞ்சியிருந்தவர்களைக் கணக்கில் சேர்த்தது. அதற்கு அடுத்த இலக்கத்தில் வந்த சட்டம், ஒருவர் தலைக்குள் உழைத்து உருவாக்கியதும் உழைப்புதான், அதற்கும் கணக்கு உண்டு என்று சொன்னது. எண்ணப்படாமல் போவதன் வலியை எங்களைவிட யாருக்குத் தெரியும்? அடுத்தவரின் உழைப்பை எண்ணாமல் விட எங்களுக்கு எப்படி மனம் வரும்?

நம் மலையின் கதைகள்

இதில் எனக்கு ஒரு சுயநலமும் இருக்கிறது.

2023இல் பிரசன்ன விதானகே இயக்கிய ‘பாரடைஸ்’ பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கியது. 2022 நெருக்கடியின் நடுவில் இலங்கை மலைநாட்டுக்கு வரும் ஒரு மலையாளத் தம்பதி, ஒரு கொள்ளை, ஒரு பொலிஸ் விசாரணை. கள்வர்கள் என்று பிடித்துக்கொண்டு வரப்படுபவர்கள் எங்கள் ஆட்கள். தோட்டத்துத் தமிழனின் முகத்தை ஒரு குற்றக் கதையின் நடுவில் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. ஆனால் அது விருந்தாளிகளின் கண்ணால் பார்த்த மலை. எங்கள் கண்ணால் பார்க்கும் தொடர் எப்போது வரும்?

கதைக்குப் பஞ்சமா? மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுக்குள் நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த எங்கள் முன்னோர்களின் பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 2023இல் அவர்கள் நினைவாகப் பலர் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் தோண்டியபோது வெளிப்பட்ட மனிதப் புதைகுழி இருக்கிறது. 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். தம் பிள்ளைகள் அதில் இருக்கிறார்களா என்று தெரியாமல் காத்திருந்த பெற்றோர்களின் மொழி தமிழோ சிங்களமோ, அவர்களின் கேள்வி ஒன்றுதான்: யார் செய்தது, ஏன் செய்தது. எல்லாக் குற்றக் கதைகளின் அடியிலும் இருக்கும் கேள்வி. அதை மரியாதையோடும் பொறுமையோடும் எட்டு அத்தியாயங்களில் சொல்ல ஒருவர் முன்வந்தால், பணம் போடுபவர் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: “இலங்கையில் நம் தமிழ்த் தொடர்களை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?”

நாம் அத்தனை பேரும் பார்த்திருப்போம். கணக்கில் சில ஆயிரம்தான் இருக்கும். தன் ஊர்க் கதையை எழுதிக் கையில் வைத்திருக்கும் ஒரு மாத்தளைப் பிள்ளைக்கு அந்தத் தாளைக் காட்டி இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

நான் இப்போது செய்வது

எல்லாத் தளங்களுக்கும் என்னால் கட்ட முடியாது. வருடத்தில் மூன்று மாதம் மட்டும் கட்டுகிறேன். பார்க்க வேண்டியதைப் பட்டியல் போட்டு வைத்து, ஒரு மாதம் ஒரு தளம் என்று எடுத்து, அந்த மாதத்துக்குள் பார்த்து முடித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தால் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம், டெக் காலத்தைப் போல. தொடங்கிய தொடரைப் பாதியில் விடுவதில்லை. முடிச்சை அவிழ்க்கும் துண்டு வந்தால் என் கையோடு அது நிற்கும், யாருக்கும் அனுப்புவதில்லை. நான் படிப்பிக்கும் வகுப்பில் பிள்ளைகளிடமும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: பார்க்க முடியாவிட்டால் பரவாயில்லை, பார்த்தவர்களின் இரவைக் கெடுக்காதீர்கள். கட்டவே முடியாத வீட்டாரிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கட்டக்கூடிய வசதி இருந்தும் பழக்கத்தால் டெலிகிராமைத் திறக்கும் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களிடம்தான் பேசுகிறேன்.

2025 பிப்ரவரி 28ஆம் திகதி சுழலின் இரண்டாவது பருவம் வந்தது. இடையில் இரண்டு வருடம் எட்டு மாதம் போயிருந்தது. மாசி மாதம். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓட வேண்டும். அந்தக் கிழமையே ஒரு மாதச் சந்தாவைக் கட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். இந்தத் தடவை கரண்ட் இருந்தது. அப்பாவுக்குக் கண் கொஞ்சம் மங்கிவிட்டது. டீவிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். தொடரிலும் ஒரு திருவிழா, ஒரு கொலை, அவிழ மறுக்கும் ஒரு முடிச்சு. நான்கு இரவுகள் எடுத்தோம்.

கடைசி அத்தியாயம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. திரையின் மூலையில் அடுத்த தொடருக்கான சதுரம் தோன்றியது. அதை மூடிவிட்டு, பெயர்களை ஓட விட்டேன். ஒலி சேர்த்தவர்கள், உடை தைத்தவர்கள், சாப்பாடு போட்டவர்கள், வண்டி ஓட்டியவர்கள். அப்பாவுக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் செக்ரோல் வாசிப்பதைக் கேட்பவர் மாதிரி, கடைசி வரி மேலே போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இவ்வளவு பேரா வேல செஞ்சிருக்காங்க?”

“ஆமாப்பா.”

“வேல செஞ்சவனுக்குப் பேர் போடணும் தம்பி,” என்றார். “முழுப் பேர்.”